புளூட்டோவில் குற்றால சீசன்

எனக்குப் பொறாமை உண்டு. இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் நம்புவதும் கிடையாது. என் கணவர் இன்னொருத்தியோடு ஐந்நூறு கோடி ஆண்டுகள் இருக்கப் போகிறார் என்று தெரிந்த அன்று, 'அறிவியலுக்காகத்தானே' என்று சிரித்துக்கொண்டே பாயசம் வைக்க நான் என்ன தெய்வப் பிறவியா?

அவர் விஷயத்தைச் சொன்ன விதமே சரியில்லை. தென்காசியில் என் பல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்குக் காப்பி போட்டு வைத்திருந்தார். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவர் தானாகக் காப்பி போட்டால், ஒன்று காரை எங்காவது இடித்திருப்பார், இல்லையென்றால் அவருடைய அக்கா வரப் போகிறாள் என்று அர்த்தம். கார் வாசலில் நன்றாகத்தான் நின்றது. அக்காவாக இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம் என்று காப்பியை வாங்கிக்கொண்டேன்.

"என்னயத் தேர்ந்தெடுத்துட்டாங்க செண்பகம்," என்றார். "சாட்சித் திட்டத்துக்கு."

என் கணவர் பெயர் சிவசைலம். மலையடிவாரத்தில் இருக்கும் சூரிய ஆய்வு மையத்தில் வேலை. சூரியனைப் பற்றி அவரிடம் வாய் தவறி எதையாவது கேட்டுவிட்டால், பதில் முடிவதற்குள் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் சாட்சித் திட்டமும் எனக்கு ஓரளவு தெரியும். இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டு போனால் சூரியனின் எரிபொருள் தீரத் தொடங்கும். அது சிவந்து வீங்கி, புதனையும் வெள்ளியையும் விழுங்கும். பிறகு மேலெல்லாம் உரிந்துபோய், பூமியளவு உருண்டையாகச் சுருங்கி அணையும். பூமியில் அதற்கு வெகுகாலம் முன்பே கடல்கள் வற்றியிருக்கும், பார்க்க ஒரு ஈ எறும்பு இருக்காது. அதனால் புளூட்டோ பக்கம் ஒரு சிறு கலத்தை நிறுத்தி, அதில் இரண்டு மனிதர்களின் மனத்தை நகலெடுத்து வைப்பது என்று முடிவு செய்திருந்தார்கள்.

அதற்கு ஒரு கேமரா போதாதா என்று கேட்டேன்.

"கேமரா பாக்கும், படம் பிடிக்கும். நம்ம சூரியன் போயிட்டுதேன்னு அதுக்குத் தோணாதுல்லா? அப்படித் தோணுததுக்கு ஒரு ஆளு வேணும்."

நகல்கள் லட்சம் வருஷத்துக்கு ஒரு நாள் விழிக்கும், மற்ற நேரமெல்லாம் தூங்கும் என்றார். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஐம்பதாயிரம் விழிப்பு நாள் வந்தது. வருஷமாக்கினால் நூற்று முப்பதைத் தாண்டியது. எனக்குக் கிடைத்தது முப்பது. அதிலும் பாதியை அவர் தொலைநோக்கியோடு கழித்தார்.

இன்னொரு ஆள் யார் என்று அப்போதுதான் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மிருதுளா என்றார்.

பெயரைக் கேட்டீர்களா? எனக்கு வைத்த பெயர் செண்பகவல்லி. கூப்பிட்டு முடிப்பதற்குள் குரல் தானாக உயர்ந்துவிடும். மிருதுளா என்று சத்தம் போட்டுக் கூப்பிட முடியுமா, நீங்களே சொல்லிப் பாருங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவருடைய பிரிவிலேயே வேலை. ஆட்களை ஜோடி சேர்ப்பதை ஆய்வு மையத்தில் பொருத்தம் பார்ப்பது என்றே சொன்னார்களாம். எங்கள் கல்யாணத்துக்கு ஜோசியர் யோசித்து யோசித்துப் பத்துக்கு ஆறு என்றார். இவர்கள் இரண்டு பேருக்கும் இயந்திரம் பத்துக்குப் பத்து போட்டிருந்தது.

"புருஷன் பொண்டாட்டிய அனுப்ப முடியாதா?" என்றேன்.

"அனுப்பிப் பாத்தாச்சு. கணினிக்குள்ள அந்த ஐம்பதாயிரம் நாளையும் வேகமா ஓட்டிப் பாக்கோம்ல, அதுல எல்லா தம்பதியும் கொஞ்ச நாள்லயே பேச்ச நிறுத்திட்டாங்க. எல்லாத்தையும் ஏற்கெனவே பேசி முடிச்சவங்க. பேச்சு நின்னா மனசும் நின்னுரும். அதுக்கப்புறம் அது கல்லு."

பிறகு அவராகவே உற்சாகமாகிவிட்டார். கோடிக்கணக்கான வருஷம் அங்கே உறைகுளிர்தான், ஆனால் கடைசியில் சூரியன் வீங்கும்போது அந்த வெக்கை புளூட்டோ வரைக்கும் எட்டும் என்றார். "ஐஸெல்லாம் உருகி, இதமா ஒரு காத்தடிக்கும். நம்ம குத்தால சீசன் மாதிரி இருக்கும் செண்பகம்."

என்னை அவர் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் எத்தனை சீசன் ஆயிற்று என்று கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அவர் காப்பி டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நகல்தானே, உன் புருஷன் உன்கூடத்தானே இருக்கப் போகிறார் என்று என் தங்கை ஆறுதல் சொன்னாள். நகல் என்றால் யாருடைய நகல், எதிர்வீட்டுக்காரரின் நகலா என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஆய்வு மையத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். அங்கேதான் மிருதுளாவை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். அழகி என்று சொல்ல முடியாது. பல் வரிசைதான் அபாரம், எனக்கு அதில் குறை சொல்லத் தெரியாமல் போனது இன்னும் எரிச்சலாக இருந்தது. களையெடுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நான் சம்மதம் தர வேண்டும் என்று அவள்தான் விளக்கினாள். முதல் சோதனையில் என் கணவரின் நகல் விழித்ததும் எங்களையெல்லாம் நினைத்திருக்கிறது. நானும் எங்கள் மகளும் செத்து லட்சம் வருஷம் ஆகிவிட்டது என்று அதற்குத் தெரியும். மூன்றாவது விழிப்பிலேயே பேச்சை நிறுத்திவிட்டது.

"அதனால, எந்த நினைவு வந்தா அவருக்கு நெஞ்சு கனக்குதோ அதையெல்லாம் எடுத்துருவோங்க்கா. நாற்காலியில உக்கார வெச்சு ஒவ்வொண்ணா ஓட்டுவோம். நெஞ்சு இறுகுதான்னு மெஷின் பாத்துக்கும். உயிரோட இருக்கறவங்கள எடுக்கறதுன்னா அவங்க சம்மதம் வேணும். சட்டம் அப்படிங்க்கா."

"அப்ப நான் களையா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க்கா," என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூட வயதிலிருந்து அந்த மனிதர் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். கைநாட்டு வைக்கிற மாதிரி யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். கல்யாணம் போயிற்று. மகள் பிறந்தது போயிற்று. எனக்கு நிமோனியா வந்தபோது அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது போயிற்று. நல்லதெல்லாம் வேரோடு போயிற்று. பல் டாக்டருக்கு அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஆனால் அந்த மெஷின் ஒரு தப்புப் பண்ணியது. எங்கள் சண்டைகளை ஓட்டிக் காட்டியபோது அவர் நெஞ்சு இறுகவே இல்லை. நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாராம். அதனால் சண்டைகள் ஆபத்தில்லாதவை என்று அது தீர்மானித்து, ஒன்றைக்கூட எடுக்காமல் விட்டுவிட்டது.

அதன் பலனை இரண்டு மாதம் கழித்து அவரே வந்து சொன்னார். அன்றும் காப்பி போட்டிருந்தார். நகல்கள் இருப்பதற்குக் கணினிக்குள் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டில், மெத்தை, அலமாரி எல்லாம் உண்டு. அந்த வீட்டில் பத்தாவது விழிப்பிலேயே நகல் சிவசைலம் மிருதுளாவிடம் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறது. பதிவை அவர் எனக்குப் போட்டுக் காட்டினார்.

"மிருதுளா, ஒரு பொம்பள என் ஞாபகத்துல வந்து ஏசிக்கிட்டே இருக்கா. ஈரத் துண்ட ஏன் மெத்தையில போட்டியன்னு கேக்கா. பேரு தெரியல, எனக்கு என்ன வேணும்னும் தெரியல. ஆனா அவ ஏசுனா நல்லா இருக்கு. யாரு அவ?"

அன்றிலிருந்து விழிக்கும்போதெல்லாம் அதே பேச்சுதான். சூரியனைப் பற்றிக் குறித்துக்கொள்ள வேண்டியதைக் குறித்துவிட்டு, நேராக என் சண்டைக்கு வந்துவிடும். லட்சம் லட்சமாக வருஷம் ஓடுகிறது, அங்கே ஒரு ஆள் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் மிருதுளாவின் நகல், "என்னப் பத்தி ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. அப்புறம் திறக்கவே இல்லை. சோதனை தோல்வி.

நான் சந்தோஷத்தை மறைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி கேசரி கிண்டினேன்.

மறுநாளே திட்டத் தலைவர் போன் பண்ணினார். சண்டைகளையும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும், இன்னொரு சம்மதம் வேண்டும் என்று குழைந்தார். ஆடாத பல்லை நான் பிடுங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, என் கணவருக்குப் புரிந்தது. சோதனை தேறாமலே போனால் வேறு நாட்டு ஜோடி போய்விடும் என்று கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார்.

"நீதான் இங்கன என்கூட இருக்கல்லா? அங்க ஒரு நகலுக்குள்ள உன் ஞாபகம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"நான் இன்னும் இருவது வருஷம் இருப்பேன். அவ எவ்வளவு காலம் இருப்பான்னு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அங்க நான் ஒரு ஓரத்துல நின்னு ஏசிட்டு இருக்கேன். அதையும் புடுங்கப் பாக்கியளா?"

எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டது போலத்தான் இருந்தது.

சண்டைகளை எடுக்காமலேயே இன்னொரு சோதனை ஓட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை மிருதுளாவின் நகல் வாயை மூடிக்கொள்ளவில்லை. யாரு அவ என்று அவர் நகல் கேட்டதும் கொஞ்சம் யோசித்தது. யோசித்துவிட்டு, "அது நான்தாங்க," என்றது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? தாலி ஏறவில்லை, ஒரு நாள் அவருக்குச் சோறு போடவில்லை, அவருடைய அக்காவைச் சமாளிக்கவில்லை. என் முப்பது வருஷச் சண்டையை இரண்டே வார்த்தையில் தன்னுடையதாக்கிக்கொண்டாள். நகையைத் திருடினால் போலீஸுக்குப் போகலாம். சண்டையைத் திருடினால் எந்த ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பது? எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சோதனையும் தேறவில்லை. சில விழிப்புகள் வரைக்கும் அவர் நகல் அவளையே பார்த்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறது. பிறகு, நீதான் அந்தப் பொம்பளன்னா இப்ப ஏன் ஏச மாட்டேங்க என்று கேட்டிருக்கிறது. மெத்தையில் வேண்டுமென்றே ஈரத் துண்டையும் போட்டுவைத்திருக்கிறது. பாவம், அவளும் முயற்சி செய்தாள். "அந்தத் துண்டக் கொஞ்சம் எடுத்து வெச்சுடறீங்களா?" என்று கேட்டாள். இது அவ இல்ல என்று சொல்லிவிட்டு அவர் நகல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மிருதுளா என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நகல் இல்லை, ஆளே வந்தாள். கடைசி நோயாளி போகும்வரை வெளியே காத்திருந்தாள். உள்ளே வந்ததும் வேறு நாற்காலி இருப்பதைக் கவனிக்காமல், பல் பிடுங்கும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு சண்டை போடச் சொல்லித் தர்றீங்களா?"

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவைதான் அவள் மனத்தை நகலெடுக்க நேரம் இருக்கிறதாம். அதற்குள் அவளுக்குச் சண்டை வந்தால், நகலுக்கும் வரும்.

"இதுக்கெல்லாமா டியூஷன்? வீட்ல யாரோடயும் போட்டது இல்லையா?"

"வீட்ல யாருங்க்கா இருக்காங்க? சண்டை போட்டா விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு பயந்து யாருகூடவும் போட்டதில்லீங்க்கா. போடாமயே போயிட்டாங்க." மேலே இருந்த விளக்கைப் பார்த்தாள். "அந்தப் பதிவெல்லாம் கேட்டேன். உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க்கா."

பொறாமை என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் அதிலும் பங்குக்கு வந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது உண்மை. அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

நான் யோசித்தேன். சொல்லித் தராவிட்டால் அவர் ஆசை மண்ணாகும். பிறகு அந்த முகத்தை நான்தான் இருபது வருஷம் பார்க்க வேண்டும். சொல்லித் தந்தால், அவள் வாயில் வருவது என் பேச்சாக இருக்கும். அவள் போய் நிற்குமிடமெல்லாம் நான் போய் நிற்பேன்.

"ஞாயித்துக்கிழமை வா," என்றேன்.

மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தாள். முதலில் அந்த 'ங்க'வைக் கழற்றுவதே பெரும்பாடாக இருந்தது. ஏன் இப்படிப் பண்றீங்க என்று அவள் கேட்டால், விருந்தாளியைச் சாப்பிட்டுப் போகச் சொல்கிற மாதிரி இருந்தது. அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாதே, திருப்பி ஒரு கேள்வி கேள் என்றேன். துண்டில் ஆரம்பித்தால் துண்டோடு நிற்கக் கூடாது, அவர் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு என்னைக் காக்க வைத்த கதை வரைக்கும் போக வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் பின்னாலேயே போக வேண்டும். வானத்தைக் காட்டி, கிரகத்தைக் காட்டி நழுவப் பார்ப்பார், அங்கேதான் விடக் கூடாது. அங்கே சொல்ல வேண்டியதை நூறு தடவை சொல்லவைத்தேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் போட்ட சத்தத்தில், பல்வலி என்று அவசரமாக வந்து வெளியே உட்கார்ந்திருந்த ஒருவர் இதுக்கு வலியே தேவலை என்று எழுந்து போய்விட்டார். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நகலோடு ஓட்டிய சோதனை கடைசிவரை போனது. இதுவரை எந்த ஜோடியும் போகாத தூரம். ஒரு விழிப்பில்கூட மௌனம் இல்லை. திட்டத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். கலம் கிளம்பிப் போய் இப்போது மூன்று மாதமாகிறது.

சோதனையின் கடைசிப் பதிவை அவர் அடிக்கடி போட்டுக் கேட்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஐம்பதாயிரம் விழிப்புக்கும் அந்தப் பக்கம், குற்றால சீசனெல்லாம் வந்து போய்விட்டது. சூரியன் சுருங்கி, ஒரு வெள்ளைப் பொட்டாக நிற்கிறது. அவர் நகலின் குரல் நடுங்குகிறது.

"அங்க பாரு. நம்ம சூரியன் போயிட்டு."

"பேச்ச மாத்தாதிய," என்றது மிருதுளாவின் குரல். "துண்ட யாரு எடுப்பா?"

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிப்போய், பதிவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு செண்பகம். இத்தனை கோடி வருஷத்துல ரெண்டு பேரும் ஒரு தடவகூடச் சமாதானமாகல. ஒரே சண்டைதான். ஏன்னே எங்க யாருக்கும் புரியல."

எனக்குப் புரியும். கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மிருதுளா வாசலில் நின்று, சண்டையை முடிக்கிறது எப்படிங்க்கா என்று கேட்டாள். அது தானா முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சண்டை தானாக முடிந்ததாக எந்த வீட்டிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் சண்டைகள் முடிந்த விதத்தை ஓட்டிக் காட்டியபோதுதான் அவர் நெஞ்சு எல்லாவற்றையும்விட அதிகமாக இறுகியதாம். அதனால் அதை மட்டும் மெஷின் எடுத்துவிட்டது, அவர் நகலுக்கும் அது தெரியாது. என் பேச்சு, என் கோபம், என் குரலின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்தேன். இதை மட்டும் கொடுக்கவில்லை.

ஏன் என்று எனக்கும் தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு வளர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலத்துக்குள் அது முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை உங்களுக்கும் சொல்வதாக இல்லை.